சேதி யார் கை வழியே வந்தது

பதுளை டவுனிலும் சுற்றுவட்டத் தோட்டங்களிலும் வீடுகளுக்கு வைபை போட்டுக் கொடுப்பதும் கமரா பூட்டுவதும் என் தொழில். கொழும்பில் கடையில் நிற்கும் மகன், குவைத்தில் வீட்டு வேலைக்குப் போன மகள் என்று தூரத்தில் இருப்பவர்கள் காசு அனுப்பி, லயத்து வரிசை வீட்டில் தனியாக இருக்கும் அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஒரு கமரா பூட்டச் சொல்கிறார்கள். பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் அப்படிப் பூட்டி முடித்ததும் அந்த வீட்டுப் பெரியம்மாவுக்கு அது வேலை செய்கிற விதத்தை விளக்கினேன். இஸ்தோப்பில் இருக்கும் கமராவின் படம் உள் காம்பராவில் இருக்கும் போனுக்கு வருவதற்கு, பல கமராக்களில், முதலில் வெளிநாட்டில் இருக்கும் கம்பனிக் கணினிக்குப் போய்த்தான் திரும்ப வேண்டியிருக்கிறது. இடையில் இருப்பதோ ஒரே ஒரு சுவர். பெரியம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப இதுவும் ஆபீஸ் வழியாத்தான் வருதா தம்பி?" என்று கேட்டார்.

கணினி படித்த பலருக்கும் தோன்றாத கேள்வி அது. தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவருக்கு உடனே தோன்றிவிட்டது. சேதி போய்ச் சேர்ந்ததா என்பது ஒன்று. யாருக்கென்று அனுப்பியதோ அவர் வாசலுக்கே போய்ச் சேர்ந்ததா, நடுவில் யார் கையில் எவ்வளவு நேரம் கிடந்தது என்பது இன்னொன்று. ஊவா மாகாணத்தின் தோட்டங்களுக்குச் சேதி எப்போதும் வந்துகொண்டுதான் இருந்தது. வீட்டுக்குத்தான் வரவில்லை. அந்தச் சரித்திரத்தை, எனக்குத் தெரிந்த தொழிலின் கண்ணால் பார்த்து எழுத வேண்டும் என்று பல நாளாக எண்ணம்.

இந்த மாவட்டத்தில் இயங்கியவற்றிலேயே மிகவும் நம்பத்தக்க தகவல் தொடர்பு எது என்று கேட்டால், ரயில்வேயின் டெப்லட் என்றுதான் சொல்வேன். ரயில் 1894இல் பண்டாரவளைக்கு வந்தது. அங்கிருந்து பதுளைக்கு வர 1924 ஆகிவிட்டது. எல்லவுக்கும் தெமோதரைக்கும் நடுவில் ஒன்பது வளைவுப் பாலம் 1921இல் முடிந்தது. தெமோதரையில் பாதை மலையைச் சுற்றி இறங்கி, ஸ்டேஷனுக்கு அடியிலேயே சுரங்கமாக நுழைந்து போகிறது. ஒரு கங்காணி தலைப்பாகையை அவிழ்த்துக் கட்டியதைப் பார்த்துத்தான் இன்ஜினியருக்கு அந்த யோசனை வந்தது என்று இங்கே எல்லா வீட்டிலும் கதை சொல்வார்கள். கதையாகவே இருக்கட்டும், எனக்குப் பிடித்த கதை.

இந்தப் பாதை முழுக்க ஒற்றைத் தண்டவாளம். எதிரும் புதிருமாக இரண்டு ரயில் ஒரே துண்டில் வந்துவிடக் கூடாது. வளைவும் சுரங்கமும் நிறைந்த மலையில் டிரைவரின் கண்ணை நம்ப முடியாது, ஸ்டேஷன்மாஸ்டரின் ஞாபகத்தை நம்பியும் ரயிலை விட முடியாது. இங்கிலாந்தில் 1874இல் நோர்விச் நகரத்துக்கு அருகே தோர்ப் என்ற இடத்தில் நடந்த விபத்து இதற்குச் சாட்சி. ரயிலை வரச்சொல்லி ஒரு தந்தி போனது. அனுப்பச் சொன்னவர் அதில் கையெழுத்துப் போட்டிருக்கவில்லை. போட்ட பிறகே அனுப்ப வேண்டும் என்பது விதி. அனுப்பியதைத் திரும்பப் பிடிக்கவும் முடியவில்லை. இரண்டு ரயில் நேருக்கு நேர் மோதி இருபது பேருக்கு மேல் இறந்தார்கள். அதன் பிறகு எட்வர்ட் டயர் என்பவர் 1878இல் ஒரு கருவிக்குக் காப்புரிமை பெற்றார். அந்த வகைக் கருவிதான் நம் மலைக்கும் வந்தது.

அது வேலை செய்கிற விதத்தைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வராது. அடுத்தடுத்த இரண்டு ஸ்டேஷனில், உதாரணத்துக்கு ஹாலி எலவிலும் பதுளையிலும், ஒவ்வொரு பெட்டி. இரண்டும் கம்பியால் இணைந்தவை. பெட்டிக்குள் வட்டத் தகடுகள்; டெப்லட் என்பது இவற்றைத்தான். ஹாலி எலவில் இருப்பவர் தானாக ஒரு தகட்டை எடுக்க முடியாது. அவர் மணியடித்துக் கேட்க வேண்டும். பதுளையில் இருப்பவர் சம்மதித்துப் பொத்தானை அழுத்தினால்தான் மின்சாரம் வந்து ஹாலி எலவின் பெட்டி திறக்கும். ஒரு தகடு வெளியே வந்த கணத்தில் இரண்டு பெட்டியும் பூட்டிக்கொள்ளும். அந்தத் தகடு ஏதாவது ஒரு பெட்டிக்குள் திரும்பப் போகும்வரை அடுத்ததை யாராலும் எடுக்க முடியாது. தகட்டில் இரண்டு ஸ்டேஷனின் பெயரும் வெட்டியிருக்கும். பக்கத்துத் துண்டின் தகடு தவறி வந்தாலும் இந்தப் பெட்டிக்குள் நுழையாதபடி அதன் விளிம்பில் வேறு வெட்டு. அதை ஒரு தோல் பையில் போட்டு, வளையத்தில் மாட்டி டிரைவரிடம் நீட்டுவார்கள். கையில் அது இருந்தால் மட்டுமே ரயில் நகரலாம்.

கேட்டவரும் சம்மதித்தவரும் இருவேறு ஊரில் இருந்தாலும், ஒருவரை ஒருவர் ஏமாற்ற முடியாது. இன்று வீட்டில் போன் வைபையில் இணையும்போதும் இதே நியாயம்தான். ரௌட்டரும் போனும் நான்கு சேதி மாற்றிக்கொண்டு, பாஸ்வேர்டைக் காற்றில் சொல்லாமலே, அது தங்கள் இருவருக்கும் தெரியும் என்று ஒருவருக்கொருவர் நிரூபித்த பிறகே பேசத் தொடங்குகின்றன. புதிதாகத் தொழில் பழக வரும் பையன்களுக்கு நான் முதலில் சொல்லிக் கொடுப்பது டெப்லட்டைத்தான்.

அந்த ரயில் பாதை போட்டது தேயிலைக்காக. தேயிலைக்குப் பேர்போன லிப்டன் 1890இல் அப்புத்தளைக்கு மேலே டம்பதென்னைத் தோட்டத்தை வாங்கியவர். கொழுந்து மூட்டையை மலையிலிருந்து ஸ்டோருக்கு இறக்க ஆகாயத்தில் கம்பி கட்டினார்கள். கொழுந்து வாடாமல் ஸ்டோருக்கு வரவும், பெட்டி தவறாமல் கொழும்புக்குப் போகவும் இத்தனை அக்கறை. அதே மலையில் கொழுந்து பறித்தவர்களுக்கு வந்த சேதிக்கு அந்த அக்கறையில் கொஞ்சமும் கிடைக்கவில்லை.

ஆட்களையே விலாசம் எழுதிய பொதியாகத்தான் கொண்டுவந்தார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தகர டிக்கட் முறை வந்தது. சின்னத் தகரத் தகடு. அதில் எந்தப் பகுதி, எந்தத் தோட்டம் என்பதற்கான குறியும், ஆளுக்கு ஓர் இலக்கமும் அடித்திருக்கும். 1904இல் தோட்டத்துரைமார் திருச்சிராப்பள்ளியில் இலங்கைத் தொழிலாளர் ஆணையகம் தொடங்கினார்கள். அங்கே சேர்த்த ஆள் கழுத்தில் அந்தத் தகரத்தோடு கப்பலேறி ரயிலேறி, எந்த மொழியும் பேசாமலே சரியான தோட்டத்தில் வந்து இறங்குவார். வழிச்செலவு அந்தத் தோட்டத்தின் கணக்கில் ஏறும், பிறகு அவர் தலையில் கடனாக இறங்கும். தோட்டத்திலிருந்து வெளியேற 'துண்டு' வேண்டும். கடனைக் கட்டினால் இந்த ஆட்களை விட்டுவிடுகிறோம் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. 1921இல்தான் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள். மனிதர் தொலையாமல் வந்து சேர இவ்வளவு நுட்பமான ஏற்பாடு செய்தவர்கள், அந்த மனிதருக்குக் கடிதம் வந்தால் போய்ச் சேரக் காம்பராவுக்கு ஓர் இலக்கம் போடவில்லை. எத்தனையோ லயங்களில் இன்றும் இல்லை. பெயர், டிவிஷன், தோட்டம், தபாற்கந்தோர். ஒரே டிவிஷனில் நான்கு மாரியாயி இருந்தால் எந்த மாரியாயி?

எங்கள் தாத்தா தோட்டத்துத் தப்பால்காரர். காலையில் பையோடு நடந்து டவுனுக்குப் போவார். தபாற்கந்தோரில் பையைத் திறந்து கடிதங்களைப் போட்டுப் பூட்டிக் கொடுப்பார்கள். மீண்டும் ஏறி வந்து ஆபீசில் இறக்குவார். பூட்டுக்கு ஒரு சாவி தபாற்கந்தோரில், ஒரு சாவி ஆபீசில். தாத்தாவிடம் சாவி இல்லை. மழையில் நனைந்து, அட்டை கடித்து, ஆறு பெருகினால் சுற்றிப் போய் அவர் சுமந்த பைக்குள் என்ன இருக்கிறதென்று அவருக்கே தெரியாது. இரு முனையிலும் மட்டுமே திறக்கும் பூட்டு, நடுவில் சுமப்பவருக்குத் திறக்க வழியில்லை. பாதுகாப்பான தகவல் தொடர்பு என்று இன்று புத்தகத்தில் எழுதுவதும் இதையே.

ஆனால் அந்த முனை எங்கே இருந்தது என்று பாருங்கள். துரையின் கடிதம் பங்களாவுக்கு நேராகப் போகும். தொழிலாளிக்கு முனை ஆபீசோடு முடிந்தது. கிளாக்கர் பிரித்து வைப்பார். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிட்டுக் கொடுப்பதும் உண்டு, கங்காணி கையில் கொடுத்துவிடுவதும் உண்டு, மேசையிலேயே கிடப்பதும் உண்டு. நல்ல கிளாக்கர்கள் இருந்தார்கள். எழுத்துத் தெரியாதவருக்குப் படித்துச் சொல்லிப் பதிலும் எழுதிக் கொடுத்தவர்கள். அவர்களை மறக்கக் கூடாது. ஆனால் ஒருவரின் நல்ல மனதை நம்பித்தான் கடிதம் வரும் என்றால் அது ஏற்பாடு அல்ல, தயவு. உத்தியோகத்துக்கு வந்த நேர்முகப் பரீட்சைக் கடிதம் பரீட்சை முடிந்த பிறகு கைக்கு வந்த கதை மலையகத்தில் எந்தத் தோட்டத்தில் கேட்டாலும் கிடைக்கும். எங்கள் குடும்பத்திலும் ஒன்று உண்டு.

1964 அக்டோபர் 30ஆம் திகதி சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. இந்திய வம்சாவளி மக்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று இரண்டு அரசாங்கமும் எண்ணிப் பிரித்துக்கொண்டன. மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று வைத்தார்கள். அதன் பின் ஒரு குடும்பம் எந்த நாட்டில் வாழப்போகிறது என்பதே தபாலில் வந்தது. விண்ணப்பத்துக்குப் பதில், பாஸ்போட், புறப்பட வேண்டிய நாள் எல்லாமே அந்தப் பையில்தான். தலைமன்னாரில் கப்பலேறியவர்கள் போய்ச் சேர்ந்து எழுதிய முதல் கடிதத்துக்காக, லயத்து வாசலில் தாத்தா வருகிற பாதையைப் பார்த்துக்கொண்டு இருந்தவர்களை என் அம்மா இப்போதும் பெயர் பெயராகச் சொல்வார். அண்ணன் அக்கரையில், தங்கை இக்கரையில் என்று பிரிந்தவர்களுக்கு வேறு கயிறு எதுவும் இருக்கவில்லை.

பிறர் கை வழியே வரும் கடிதத்தில் எதை எழுதுவது, எதை விடுவது என்று நம் ஆட்கள் நன்றாகவே அறிந்திருந்தார்கள். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தால் நல்ல காரியம், கறுப்பு இருந்தால் சாவு. உறையைப் பார்த்ததுமே தெரிந்துவிடும், படிக்க ஆள் தேட வேண்டாம். காசு விஷயம், சங்கத்து விஷயம் கடிதத்தில் வராது. திருவிழாவுக்கோ கல்யாணத்துக்கோ வருகிற ஆள் வாயில் வரும். 1940இல் பதுளைக்குப் பக்கத்தில் வெவெஸ்ஸ தோட்டத்து வேலைநிறுத்தம் ஊவாவையே உலுக்கியது. வெளியாள் தோட்டத்துக்குள் கால் வைத்தால் அத்துமீறல் என்று வழக்குப் போடக்கூடிய காலம் அது. அந்தக் காலத்தில் ஒரு தோட்டத்துச் சேதி அடுத்த தோட்டத்துக்கு மலைக்கு மலை, வாய்க்கு வாய் நடந்தே போனது. ஆபீஸ் வழியே போகாத சேதி வேகமாகவும் போனது.

எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தெரிய வேண்டியதற்குத் தப்பு என்ற பறை இருந்தது. இருட்டோடு பெரட்டுக்கு எழுப்புவது தப்பு; சில தோட்டங்களில் கொம்பு ஊதுவார்கள். திருவிழாவுக்கு ஓர் அடி, காமன் கூத்துக்கு ஓர் அடி, சாவுக்கு ஓர் அடி. மேட்டு லயத்தில் அடித்தால் பணிய லயத்தில் படுத்திருப்பவர் போர்வையை விலக்காமலே என்ன விஷயம் என்று சொல்லிவிடுவார். மின்சாரம் வேண்டாம், எழுத்து வேண்டாம், ஆபீசின் தயவும் வேண்டாம். அதை அடித்தவர்களைச் சாதி சொல்லிக் கீழே நிறுத்திய கொடுமையும் இதே லயங்களில் நடந்தது. எல்லா வீட்டுக்கும் சேதி சொன்ன கலைஞரை வீட்டுக்குள் கூப்பிடாத காலம் இருந்தது. இளைஞர்கள் இப்போது தப்பை மேடையேற்றிப் பெருமையோடு அடிக்கிறார்கள். எனக்கு அது சரித்திரக் கடன் தீர்ப்பது போலவே தெரிகிறது.

தப்புக்குப் பிறகு எல்லா வீட்டுக்கும் ஒரே நேரத்தில் பேசியது இலங்கை வானொலி. தமிழ்ச் சேவையின் மரண அறிவித்தலைக் கேட்டுவிட்டுத்தான் பலர் சோற்றில் கை வைப்பார்கள். இறந்தவர் பெயர், தோட்டம், எத்தனை மணிக்கு எடுப்பது என்று குரலில் வந்துவிடும். தந்தி தபாற்கந்தோரில் கிடந்தாலும், ஆபீசில் கிடந்தாலும், வானொலிச் சேதியை நடுவில் யாரும் பிடித்து வைக்க முடியாது. ஒரு காம்பராவில் ரேடியோ இருந்தால் போதும். பழைய லயங்களில் நடுச்சுவர் கூரைவரை போகாது; இந்தப் பக்கம் பாடினால் வரிசை முழுக்கக் கேட்கும். ரேடியோவுக்கு அது வசதி. புருஷன் பெண்சாதி பேச்சுக்கு, வயதுக்கு வந்த பெண்பிள்ளைக்கு, படிக்கிற பிள்ளைக்கு? பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் ஆறு பேர், அதிலும் அரைச்சுவர். இரகசியம் என்பதையே நம் சனங்களுக்குக் கட்டிக் கொடுக்கவில்லை.

கம்பித் தொலைபேசி பங்களாவிலும் ஆபீசிலும் நின்றுவிட்டது, லயத்துக்கு ஏறவில்லை. 2000களின் நடுவில் கம்பி தேவைப்படாத சி.டி.எம்.ஏ போன்கள் வந்தபோதுதான் பல காம்பராக்களில் முதல்முறையாக வீட்டுக்கென்று ஒரு மணி அடித்தது. அந்த மணியை நான் மிகப் பெரிய விஷயமாக நினைக்கிறேன். தூரத்திலிருந்து ஒரு வீட்டுக்கென்றே அனுப்பிய சேதி ஆபீசைத் தொடாமல் வாசலுக்கு வந்த முதல் தடவை அது. பிறகு கைத்தொலைபேசி. காசு இல்லாதவர்கள் 'மிஸ் கோல்' கொடுத்தார்கள். ஒரு மணி என்றால் வந்து சேர்ந்துவிட்டேன், இரண்டு என்றால் திரும்பக் கூப்பிடு. மஞ்சள் தடவிய உறைக்குப் பேரப்பிள்ளை இந்த மிஸ் கோல்.

ஆனால் மலை இன்னும் மலைதான். கொரோனாவில் பள்ளிக்கூடம் போனுக்குள் வந்தபோது, இந்த மாவட்டத்துப் போஹிட்டியாவ கிராமத்துப் பிள்ளைகள் சிக்னல் தேடிக் காட்டு வழியே பாறைக்கு ஏறியதை 2021இல் உலகமே படத்தில் பார்த்தது. சிங்களக் கிராமம் அது. தோட்டத்திலும் இதே கதைதான், படம் எடுக்கத்தான் ஆள் வரவில்லை.

இனி மீரியபெத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2014 அக்டோபர் 29ஆம் திகதி, காலை ஏழரை மணியளவு. கொஸ்லந்தைக்கு மேலே, ஹல்துமுல்லைப் பிரதேசத்தில், மலை இறங்கி மீரியபெத்தையின் லயங்களை மூடியது. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் பிழைத்தார்கள், திரும்பி வந்தபோது வீடு இல்லை, சிலருக்குப் பெற்றவர்களும் இல்லை. மண்ணுக்குள் போனவர்களில் பலரது உடல் கடைசிவரை கிடைக்கவில்லை.

அந்த மலை திடீரென்று இறங்கியதல்ல. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் அந்த இடம் ஆபத்தானது, ஆட்களை வேறிடத்துக்கு மாற்ற வேண்டும் என்று எச்சரித்திருந்தது. எச்சரிக்கை எழுதியாயிற்று, அதிகாரிகளுக்குப் போயுமாயிற்று. அங்கிருந்து லயத்து வாசல்வரை அது எப்படி இறங்கியது, என்ன வார்த்தையில் இறங்கியது, கேட்டவர்கள் எழுந்து போக ஒரு வீடு இருந்ததா? வீடு தோட்டத்தினுடையது, காணியும் தோட்டத்தினுடையது. போ என்று ஒரு குரலும், இங்கே போ என்று மறு குரலும் சேர்ந்து வந்தால்தான் அது எச்சரிக்கை. ரயிலுக்குத் தோர்ப் விபத்திலிருந்து நான்கு வருஷத்தில் கருவி வந்தது. நமக்கு 2005இலிருந்து 2014வரை இருந்த காலத்தில் வேறொன்றும் இல்லை, மண்தான் வந்தது. இதை ஆத்திரத்தில் எழுதவில்லை என்று சொன்னால் அது பொய்.

இன்று எண்கள் தெளிவாக இருக்கின்றன. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் மழை என்றால் விழிப்பு. 100 என்றால் எந்நேரமும் வெளியேற ஆயத்தம். 150ஐத் தொட்டால், அல்லது ஒரு மணி நேரத்திலேயே 75 பெய்தால், வெளியேற வேண்டும். பதுளை டவுனுக்குப் பக்கத்தில் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தை ஒட்டிய பதுலுசிரிகமவில் ஜப்பானிய உதவியோடு மண்ணின் அசைவை அளக்கும் கருவிகள் வைத்திருக்கிறார்கள். அசையாத நிலத்திலிருந்து அசையும் நிலத்துக்கு ஒரு கம்பியை இழுத்துக் கட்டுவார்கள். நிலம் விலகினால் கம்பி நீளும், எத்தனை மில்லிமீட்டர் நீண்டது என்று கருவி எழுதும், எல்லை மீறினால் சங்கு ஒலிக்கச் செய்யலாம். ஸ்மார்ட் வீடு என்று விளம்பரத்தில் விளக்கு தானாக எரிவதைக் காட்டுகிறார்கள். நம் மலையில் வீடு புத்தியோடு இருக்க வேண்டும் என்றால், பின்னால் இருக்கும் மண் நகர்வதை அதுதான் முதலில் சொல்ல வேண்டும். 

போனில் எச்சரிக்கை அனுப்பும் ஏற்பாட்டை டயலொக், மைக்ரோஇமேஜ் நிறுவனங்களும் மொறட்டுவைப் பல்கலைக்கழகமும் சேர்ந்து 2009இலேயே தொடங்கின. நல்ல வேலை. ஆனால் போனுக்குக் கோபுரம் வேண்டும், கோபுரத்துக்கு மின்சாரம் வேண்டும். 2022 மார்ச்சில் ஒரு நாளுக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு இருந்ததே, அப்போது கோபுரங்களின் பெட்டரி இறங்கி ஒவ்வொன்றாக அடங்கியதை நாங்கள் இங்கே பார்த்துக்கொண்டிருந்தோம். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது பதுளை மாவட்டம் முழுக்க மண் சரிந்தது. ரோட்டும் ரயில் பாதையும் அறுந்தன, போனும் அடங்கியது. உயிரோடு இருக்கிறார்களா என்று கேட்டு வெளிநாட்டிலிருந்து எனக்கு அழைப்பு மேல் அழைப்பு. நான் பூட்டிய கமராக்கள் எதுவும் அந்த நாட்களில் ஒரு படமும் அனுப்பவில்லை. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் எச்சரிக்கை வந்ததுதான், அந்த அம்மாவுக்குப் படிக்கத் தெரியாத மொழியில் வந்திருந்தது.

பெரியம்மாவின் கேள்விக்கு நான் கொடுத்த பதில், ஆமாம் பெரியம்மா, ஆபீஸ் வழியாத்தான், ஆனா நாம மாத்திக்கலாம் என்பது. இதை வேடிக்கையாகச் சொல்லவில்லை. 2016இல் மிராய் என்ற கெட்ட நிரல் உலகமெங்கும் வீட்டுக் கமராக்களையும் ரௌட்டர்களையும் பிடித்துக்கொண்டது. அது பெரிய வித்தை எதுவும் செய்யவில்லை. தொழிற்சாலையில் போட்ட பெயரும் பாஸ்வேர்டும் மாற்றப்படாமல் இருந்த கருவிகளைத் தேடி, அறுபதுக்குச் சற்று மேற்பட்ட சோடிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தது, அவ்வளவுதான். அக்டோபர் மாதத்தில் அந்தக் கருவிகளைக் கொண்டே டின் என்ற நிறுவனத்தைத் தாக்கி, அமெரிக்காவில் பெரிய பெரிய இணையத்தளங்களை முடக்கினார்கள். சாவியைப் பூட்டிலேயே விட்டு விற்ற கருவிகள் அவை. அதே வகைச் சாமான் மலிவாக நம் கடைகளிலும் கிடைக்கிறது.

ஆகவே நான் பூட்டும் வீட்டில் பழைய பாஸ்வேர்டை மாற்றாமல் இறங்கமாட்டேன். படம் வீட்டிலேயே இருக்கும் ஒரு கார்டில் பதிவாகும் கமராவைத்தான் வாங்கச் சொல்வேன்; வெளியே போக வேண்டும் என்றால் வீட்டாருக்குத் தெரிந்து போகட்டும். லயங்களில் ஒரு ரௌட்டரை ஐந்தாறு வீடு பங்கு போட்டுக்கொள்கிறது. மாதக் கட்டணத்தைப் பிரித்துக் கட்டுகிறார்கள். நல்ல ஒற்றுமை, ஆனால் ஒரு வீட்டுக் கமராவை அடுத்த வீட்டுப் பையன் திறந்து பார்க்க முடியும். கூரைவரை போகாத அந்த நடுச்சுவர் வைபையிலும் அப்படியே நிற்கிறது. கமராக்களை ஒரு பக்கமும், மற்ற வீட்டாருக்கு விருந்தினர் இணைப்பாக மறு பக்கமும் பிரித்துக் கொடுக்க ரௌட்டரிலேயே வசதி உண்டு. அதைச் செய்து கொடுக்க நான் தனியாகக் காசு வாங்குவதில்லை. அந்தச் சுவரைக் கூரைவரை கட்ட எனக்குக் கிடைத்த வழி இது.

எங்கள் தோட்டத்தில் இப்போது ஒரு முறை வைத்திருக்கிறோம். கோவிலுக்குப் பக்கத்தில் திறந்த இடத்தில் மழைமானி. காலையிலும் மாலையிலும் அளப்பது ஒரு பெண்பிள்ளை, கல்வியியற் கல்லூரிக்குக் காத்திருப்பவள். அடைமழை என்றால் மணிக்கு ஒரு முறை. அளவை எழுத்தில் போடுவதில்லை, போனில் குரலில்தான் அனுப்புவாள். எழுத்தை யாரும் மாற்றி அனுப்பலாம், அவள் குரல் எல்லா வீட்டுக்கும் தெரியும். போன் அடங்கிவிட்டால் கோவில் ஒலிபெருக்கி, அதற்கென்று தனிப் பெட்டரி. அதுவும் போனால் தப்பு. எந்த அடி என்பதை மூத்த தப்புக் கலைஞர் ஒருவரைக் கேட்டே முடிவு செய்தோம். சாவு அடியோடு குழம்பக் கூடாது என்று அவர் இரண்டு மூன்று அடித்துக் காட்டி ஒன்றைத் தேர்ந்து கொடுத்தார். கேட்ட வீட்டார் இஸ்தோப்பில் நின்று டோர்ச்சை மூன்று முறை அடித்துக் காட்ட வேண்டும். வெளிச்சம் வராத வீட்டுக் கதவைப் போய்த் தட்டுவதற்கு ஒவ்வொரு லயத்துக்கும் இருவர் பெயர் எழுதியிருக்கிறோம். அந்தப் பட்டியல் எழுதுவதற்காகத்தான் முதல் வேலையாகக் காம்பராக் கதவுகளுக்கெல்லாம் பெயின்டில் இலக்கம் போட்டோம். அதே இலக்கங்களை விலாசமாக ஏற்று, கடிதத்தை வீட்டுக்கே கொண்டுவந்து தரும்படி தபாற்கந்தோருக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறோம். பதிலுக்குப் பார்த்திருக்கிறோம்.